புகலிடம் கோரியோரும் வதிவிடமும்: உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு எதுவரை?

புகலிடம் கோரி இந்நாட்டுக்கு வந்த ஒருவர் தங்க இடமின்றி நிற்கும்போது அவருக்கு வீடு கொடுக்கவேண்டியவர் யார்? இக்கேள்வி எழும்போதெல்லாம் "கவுன்சிலிடம் கேளுங்கள்" என்று ஒருவர் சொல்வார். "கவுன்சில் குப்பை எடுக்கவும் வீதியைத் திருத்தவும் மட்டுமே" என்று மற்றொருவர் சொல்வார். சிட்னியிலோ மெல்பேர்ணிலோ கவுன்சில்களிடம் பொதுவாகப் புகலிடம் கோருவோருக்கென்று ஒதுக்கிய வீடுகள் கிடையா. ஆயினும் அவர்கள் குடியிருக்கும் கட்டடம் பாதுகாப்பானதா, அதில் எத்தனை பேர் வசிக்கலாம், கராஜில் ஒருவரைக் குடிவைக்கலாமா என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரத்தில் பெரும்பகுதி கவுன்சிலிடமே உள்ளது. எனவே அதன் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிந்துகொள்வது, வாடகைக்கு இருப்பவருக்கும் வாடகைக்குக் கொடுப்பவருக்கும் பயன்தரும்.

மூன்று அரசுகள்

குடிவரவும் விசாவும் மத்திய அரசின் அதிகாரம். அரசியலமைப்பின் 51ஆம் பிரிவு அதனை நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது. பொது வீட்டுவசதி மாநில அரசின் பொறுப்பு. கவுன்சிலோ மாநிலச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட அமைப்பு: நியூ சவுத் வேல்ஸில் 1993ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டமும் விக்டோரியாவில் 2020ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டமும் அதனை ஆள்கின்றன. மத்திய அரசியலமைப்பில் உள்ளூராட்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனைச் சேர்ப்பதற்காக 1974இலும் 1988இலும் நடத்தப்பட்ட பொதுவாக்கெடுப்புகள் தோல்வியுற்றன.

இதன் விளைவு எளிமையானது, ஆனால் கடுமையானது. ஒருவர் எந்த விசாவில் இருக்கிறார், வேலை செய்யலாமா, கொடுப்பனவு பெறலாமா என்பதை கன்பெரா தீர்மானிக்கிறது. பொது வீட்டுவசதிக்கான பட்டியலில் பெயர் பதிய, பொதுவாக நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ வேண்டும் என்று மாநிலம் நிபந்தனை விதிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் விழுந்தவர் ஒரு கவுன்சிலின் எல்லைக்குள் ஏதோ ஒரு கூரையின்கீழ் வந்து சேர்கிறார். அவரை அங்கே அனுப்பும் முடிவில் கவுன்சிலுக்குப் பங்கில்லை. வந்தபின் எழும் நெருக்கடிகளைத் தட்டிக்கழிக்கவும் அதனால் இயலாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த குடியேறிகளை மத்திய அரசே விடுதி கட்டித் தங்கவைத்தது. சிட்னியின் வில்லவுட் விடுதி 1949இல் தொடங்கப்பட்டது. மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில் 'என்டர்பிரைஸ்' விடுதி 1970 முதல் 1990களின் தொடக்கம் வரை இயங்கிற்று. வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்தவர்கள் இத்தகைய விடுதிகளில் சில மாதம் தங்கி, ஆங்கிலம் கற்று, வேலை தேடி, அருகிலேயே வீடெடுத்தார்கள். கப்ரமட்டாவும் ஸ்பிரிங்வேலும் இன்றிருக்கும் தோற்றத்தை அடைந்ததற்கு அந்த விடுதிகளின் அமைவிடம் ஒரு முதன்மைக் காரணம். வில்லவுட் வளாகத்தின் ஒரு பகுதி 1976இல் தடுப்பு நிலையமாயிற்று. வரவேற்ற இடமும் அடைத்துவைத்த இடமும் ஒரே வேலிக்குள் அமைந்தது, இந்நாட்டின் அகதிக் கொள்கையை அறிய விரும்புவோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

நம்மவர் வந்த வழி

ஈழத்தமிழரில் 1980களில் வந்தோருக்கு அத்தகைய விடுதி வாழ்வு பெரும்பாலும் வாய்க்கவில்லை. உறவினர் வீடு, நண்பர் வீடு, ரயில் நிலையம், கோயில் என்ற வழியிலேயே டூங்காபி, வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டண்டினோங், நோபிள் பார்க் ஆகிய இடங்களில் நமது குடியிருப்புகள் பெருகின. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வீட்டில் தமிழ் பேசுவோர் நாடெங்கும் 95 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

2009இல் போர் முடிந்தபின் படகில் வந்தவர்களின் நிலை வேறு. முதலில் தடுப்பு நிலையம். 2010 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட விரிவாக்கத்தின்பின் குடும்பங்களுக்கும் சிறுவருக்கும் சமூகத் தடுப்பு என்ற பெயரில் செஞ்சிலுவைச் சங்கமும் பிற அமைப்புகளும் எடுத்துக்கொடுத்த வீடுகள். 2011இன் இறுதியிலிருந்து பெருந்தொகையானோருக்கு பிரிட்ஜிங் விசா. அந்த விசாவோடு வெளியே வந்தவர்களுக்குச் சில வாரங்களுக்கு மட்டுமே தங்குமிடம் ஏற்பாடு செய்யப்பட்டது. அதன்பின் அவர்களே வீடு தேடிக்கொள்ள வேண்டும். 2012 ஓகஸ்ட் 13க்குப் பின் வந்தவர்களில் பலருக்கு நெடுங்காலம் வேலை செய்யும் உரிமையும் மறுக்கப்பட்டது. வாடகை வரலாறு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, விசாவோ சில மாதங்களில் முடிகிறது. இப்படிப்பட்டவருக்கு எந்த வாடகை முகவர் வீடு கொடுப்பார்? ஐவர் அறுவராகச் சேர்ந்து, முன்னரே வந்த ஒருவரின் பெயரில் வீடெடுத்து, கூடத்திலும் மெத்தை விரித்துப் படுத்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தன. அரசுத் திட்டம் எதுவும் கணக்கில் எடுக்காத வீட்டுவசதி அது.

கொடுப்பனவு கிடைத்தவர்களுக்கும் அது வேலை தேடுவோர் பெறும் தொகையின் 89 விழுக்காடே. 2018இல் அந்த உதவியைப் பெறும் தகுதி கடுமையாக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் சுமார் 13 ஆயிரம் பேர் பெற்றுவந்த உதவி, சில ஆண்டுகளுக்குள் அதன் சிறு பகுதியினருக்கு மட்டும் என்றாயிற்று. செலவு மறையவில்லை, கன்பெராவின் கணக்கேட்டிலிருந்து நீங்கி, தேவாலயத்தின் உணவுக்கூடை, கோயிலின் அன்னதானம், கவுன்சிலின் சமூகநலப் பிரிவு ஆகியவற்றின் கணக்கில் ஏறியது.

2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசா அல்லது ஐந்தாண்டு பாதுகாப்பான புகலிட விசா பெற்றிருந்த சுமார் 19 ஆயிரம் பேருக்கு நிரந்தர விசாவுக்கான வழி திறக்கப்பட்டது. அவ்விசாவைப் பெற்றவர்களுக்கு வீட்டுவசதிப் பட்டியலும் சென்டர்லிங்க் கொடுப்பனவும் திறந்துள்ளன. இதனை இன்னும் அறியாமல் பழைய நிலையிலேயே கராஜ்களில் காலம் கழிப்போர் இருக்கக்கூடும். இக்கையேட்டைப் படிப்பவர்கள் அவர்களிடம் சொல்லுங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் விரைவுமுறை விசாரணையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் இவ்வழிக்கு வெளியே நிற்கின்றனர். 2023இல் அவர்களுக்காக 22 பெண்கள், தமிழரும் ஈரானியரும், மெல்பேர்ணிலிருந்து கன்பெரா வரை 600 கிலோமீற்றருக்கும் மேல் நடந்துசென்றனர்.

கராஜில் குடியிருத்தல்

கவுன்சிலின் அதிகாரம் நேரடியாகத் தொடும் இடம் இதுவே. ஆகவே சற்று விரிவாகக் காண்போம்.

கராஜ் கார் நிறுத்துவதற்கான கட்டடம் என்ற அடிப்படையில் அனுமதி பெற்றது. மனிதர் வசிக்கும் அறைக்குக் கட்டட விதிகள் 2.4 மீற்றர் உயரம், ஈரத்தடுப்பு, வெளிச்சம், காற்றோட்டம், புகை எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றைக் கோருகின்றன. கார்க்கதவை மூடிச் சுவரெழுப்பி, மின்கம்பியை நீட்டி, ஒரு மூலையில் அடுப்பு வைத்துவிட்டால் அது வீடாகிவிடாது. தீப்பற்றினால் வெளியேற ஒரே கதவு. அக்கதவருகில்தான் பெரும்பாலும் அடுப்பும் இருக்கும். அனுமதியற்ற மாற்றம் செய்த கட்டடத்துக்குக் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு மறுக்கக்கூடும் என்பதையும் வீட்டுச் சொந்தக்காரர் மறக்கலாகாது.

அயலவர் முறைப்பாடு செய்தால் கவுன்சில் அதிகாரி வந்து பார்வையிடுவார். குடியிருப்பதை நிறுத்துமாறு ஆணையிடவும் முடியும். ஆணை பிறப்பது சொந்தக்காரர் பெயருக்கு. தெருவுக்கு வருபவரோ வாடகைக்கு இருந்தவர். பாதுகாப்புக்காக இயற்றிய சட்டம், பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்டவரையே வெளியேற்றுகிறது. இதற்கு அழகான தீர்வு எதுவும் இல்லை. தீ விபத்து நேர்ந்தபின் அனுதாபம் தெரிவிப்பதைவிட ஆணை பிறப்பிப்பதே மேல். ஆனால் ஆணைக்கு முன்பே கவுன்சிலின் சமூகநல ஊழியர் வீடற்றோர் சேவையுடன் தொடர்புகொண்டு மாற்றிடம் தேடுவது நியாயமான நடைமுறை. அத்தகைய உதவியைக் குடியிருப்பவர் தாமாகவே கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பலரைத் தடுப்பது அச்சம். கவுன்சில் அதிகாரி வந்தால் விசா பறிபோகும் என்று எண்ணி, மழைநீர் ஒழுகும் கூரையைப் பற்றியும் வாய்திறவாது இருப்போர் உளர். கட்டடப் பரிசோதகரின் பணி கட்டடத்தைச் சார்ந்தது. விசாவைச் சோதிப்பது உள்துறைத் திணைக்களத்தின் பணி, கவுன்சிலுடையதன்று.

சட்டபூர்வமாக இடம் கொடுக்க விரும்பும் சொந்தக்காரருக்கு வழி உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 450 சதுர மீற்றருக்குக் குறையாத காணியில் 60 சதுர மீற்றர் வரையான சிறுமனையை, நாம் கிரானி பிளாட் என்பதை, நிர்ணயித்த விதிகளுக்கு இணங்கினால் முழு அபிவிருத்தி விண்ணப்பமின்றியே கட்டலாம். கவுன்சிலோ தனியார் சான்றளிப்பாளரோ அனுமதி வழங்குவர். விக்டோரியாவில் 2023 டிசம்பர் முதல், 300 சதுர மீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட காணிகள் பெரும்பாலானவற்றில் அதே அளவான இரண்டாம் சிறுவீட்டுக்குத் திட்டமிடல் அனுமதி தேவையில்லை. கட்டட அனுமதி மட்டும் வேண்டும்.

அறை அறையாக வாடகைக்கு விடுவதற்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. விக்டோரியாவில் நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு அறைகளை வாடகைக்கு விடும் வீடு, 'ரூமிங் ஹவுஸ்' எனப்படும். அதனைக் கவுன்சிலில் பதிவுசெய்ய வேண்டும். நடத்துபவருக்கு உரிமமும் வேண்டும். நியூ சவுத் வேல்ஸின் 2012ஆம் ஆண்டுச் சட்டம், ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் தங்கும் 'போர்டிங் ஹவுஸ்' பதிவுசெய்யப்படவேண்டும் என்கிறது. சோதனையிடும் பொறுப்பு கவுன்சிலுக்கு உண்டு. நண்பர் ஐவர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் முழு வீட்டையும் எடுப்பது இவற்றில் அடங்காது. ஆனால் ஒருவர் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மற்ற நால்வரும் வாய்மொழியாகக் குடியிருந்தால், நியூ சவுத் வேல்ஸில் அந்த நால்வரும் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பை இழக்கக்கூடும். உள்வாடகைக்கு இருப்பவர் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தால் அவர் வாடகையாளராகக் கருதப்படுவார். "நம்ம ஆட்கள்தானே, எழுத்தெல்லாம் எதற்கு?" என்ற பேச்சு பின்னால் பகையாக முடிவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வாடகைச் சட்டம் விசாவைப் பார்ப்பதில்லை. பொண்ட் தொகை நியூ சவுத் வேல்ஸில் நான்கு வார வாடகையை மிஞ்சக்கூடாது. அதனை அரசின் வைப்பில் இடவேண்டும். காரணம் கூறாது வெளியேற்றுவது நியூ சவுத் வேல்ஸில் 2025 மே 19 முதலும், விக்டோரியாவில் 2025 நவம்பர் 25 முதலும் முடிவுக்கு வந்துள்ளது. பிரிட்ஜிங் விசாவில் இருப்பவருக்கும் இவ்வுரிமைகள் உண்டு.

முகவரி என்னும் உரிமை

வீடு மாறும்போது புகலிடம் கோருவோர் இழக்கக்கூடியது கூரை மட்டுமன்று. உள்துறைத் திணைக்களம் அனுப்பும் முடிவுக் கடிதம், தமக்குத் தெரியப்படுத்தப்பட்ட கடைசி முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ செல்கிறது. அது அங்கே சென்றாலே, அவர் படித்தாலும் படிக்காவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் அவருக்குக் கிடைத்ததாகும். நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்தில் மீளாய்வு கோரும் காலக்கெடு அன்றிலிருந்து ஓடத் தொடங்குகிறது. தடுப்பில் இல்லாதவருக்குப் பொதுவாக 28 நாட்கள். அதனை நீட்டிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறை மாறுபவரின் பழைய வீட்டுத் தபாற்பெட்டியில் கிடக்கும் ஓர் உறை, பத்தாண்டுக் காத்திருப்பைத் தீர்த்துவிடும். ஆகையால் இடம் மாறியவுடன் திணைக்களத்துக்கும் வழக்கறிஞருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பழைய வீட்டாரிடம் தபால் பற்றிச் சொல்லிவையுங்கள். வீட்டுச் சொந்தக்காரராக இருப்பவர்கள், முன்பு குடியிருந்தவருக்கு அரசுக் கடிதம் வந்தால் அதனைக் குப்பையில் இடாது உரியவரிடம் சேர்ப்பியுங்கள்.

பிற நாடுகளில்

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உறவினர் உள்ளவர்கள் "அங்கே கவுன்சில் வீடு கொடுக்கிறதே" என்று ஒப்பிடுவதுண்டு. பிரித்தானியாவில் புகலிடம் கோருவோருக்குத் தங்குமிடம் அளிப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சு. எங்கே அனுப்பினாலும் ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்பந்த நிறுவனங்கள் வாயிலாக அளிக்கிறது. அங்கும் கவுன்சில் கையில் உள்ளது திட்டமிடல் சட்டமே. எப்பிங் வனப் பிரதேசக் கவுன்சில், அவ்வூர் விடுதியொன்றில் புகலிடம் கோருவோரைத் தங்கவைப்பது நிலப்பயன்பாட்டு மாற்றம் என்று வழக்காடி 2025 ஓகஸ்ட் 19இல் இடைக்காலத் தடை பெற்றது. பத்து நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கியது. கட்டட வரைபடத்துக்காக எழுதப்பட்ட சட்டத்தைக் கொண்டு மனிதரை வரவேற்பதா மறுப்பதா என்ற அரசியல் வழக்கைத் தீர்க்க முயன்றால் இப்படித்தான் ஆகும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஜேர்மனியின் முறை வேறு. வரி வருவாய்க்கு மூன்றில் இரண்டு பங்கும் மக்கள்தொகைக்கு மூன்றில் ஒரு பங்கும் எடை கொடுக்கும் ஒரு வாய்ப்பாட்டின்படி மாநிலங்களுக்கு ஆட்கள் பகிரப்படுகின்றனர். அதன்பின் நகரங்களும் ஊர்களும் இடமளிக்கக் கடமைப்பட்டவை. 1980களில் அங்கு சென்ற நம்மவர் 'ஹைம்' என்று இன்றும் நினைவுகூரும் விடுதி வாழ்க்கை அத்தகைய பொது ஏற்பாட்டைச் சார்ந்தது. ரொறன்ரோ நகரசபை தங்குமிடங்களைத் தானே நடத்துகிறது. ஆயினும் 2023 கோடையில் இடமும் பணமும் போதாமல் புகலிடம் கோரியோர் நகரின் நடைபாதையில் உறங்க நேர்ந்தது. கடமையை ஏற்றுக்கொண்ட நகரத்துக்கும் மத்திய அரசின் நிதி வேண்டும் என்பதை அக்காட்சி காட்டிற்று. தமிழ்நாட்டில் முகாம்கள் மாநில அரசின் பொறுப்பு. 2021இல் அவை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றப்பட்டு, பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

இங்குள்ள கவுன்சில்கள் செய்தவை

2002இல் அவுஸ்திரேலிய அகதிகள் பேரவை 'அகதிகள் வரவேற்பு வலயம்' என்ற முயற்சியைத் தொடங்கியது. 150க்கும் மேற்பட்ட கவுன்சில்கள் அதில் கையெழுத்திட்டுள்ளன. அது ஒரு நல்லெண்ணப் பிரகடனம். அதனால் ஒருவருக்கும் ஓர் அறைகூடச் சட்டப்படி கிடைக்காது. பலகை வைத்ததோடு நின்ற கவுன்சில் எது, அதன்பின் ஊழியரையும் நிதியையும் ஒதுக்கிய கவுன்சில் எது என்று ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைப் புரட்டிப் பார்ப்பது வதிவாளரின் உரிமை.

2018இல் கொடுப்பனவு வெட்டப்பட்டபோது கிரேட்டர் டண்டினோங் கவுன்சிலின் முன்முயற்சியில் நகரபிதாக்களின் செயலணி ஒன்று அமைந்தது. டேரபின், இன்று மெரிபெக் எனப்படும் மோர்லண்ட் முதலிய கவுன்சில்கள் அதில் இணைந்து, 'அயலவருக்குத் துணைநில்லுங்கள்' என்ற பொருள்படும் இயக்கத்தின் வாயிலாக, வேலை உரிமையும் வாழ்வாதார உதவியும் வேண்டும் என மத்திய அரசிடம் கோரின. வீடு கட்ட அதிகாரமும் பணமும் இல்லாதபோது, அவை இருப்பவரிடம் கூட்டாகக் குரல் கொடுப்பதும் கவுன்சிலின் பணியே. அதே டேரபின் எல்லைக்குள் பிரெஸ்டன் விடுதியொன்றை 2019இலும் 2020இலும் மத்திய அரசு தடுப்பிடமாகப் பயன்படுத்தியது.

நிலமும் கட்டடமும் உள்ள கவுன்சில்கள் சில மேலும் சென்றுள்ளன. மெல்பேர்ணின் போர்ட் பிலிப் பகுதியில், முன்னைய செயின்ட் கில்டா கவுன்சில் 1985இலேயே சமூக வீட்டுவசதியில் இறங்கியது. அது புகலிடம் கோருவோருக்கெனத் தொடங்கப்பட்டதன்று. ஆயினும் உள்ளூராட்சி விரும்பினால் வீடும் கட்டலாம் என்பதற்குச் சான்று.

கவுன்சிலின் அன்றாடச் சேவைகள் பலவற்றுக்கு விசா ஒரு தடையன்று. விக்டோரியாவில் தாய் சேய் நல நிலையம், பாலர் பள்ளிக்கு முன்பதிவு, நூலகம், திட்டமிடல் அறிவித்தல்களுக்குக் கருத்து எழுதுதல், கவுன்சில் கூட்டத்தில் கேள்வி கேட்டல் ஆகியவை வதிவாளருக்கு உரியவை. உங்கள் தெருவில் ஒரு விடுதிக்கோ மலிவுவாடகை வீடுகளுக்கோ விண்ணப்பம் வரும்போது எதிர்ப்புக் கடிதங்கள் மட்டுமே கவுன்சிலுக்கு வந்து குவிவது வழக்கம். ஆதரவாகவும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம்.

இன்றிரவு தங்க இடமில்லாதவர்கள் நியூ சவுத் வேல்ஸில் 1800 152 152, விக்டோரியாவில் 1800 825 955 ஆகிய எண்களை அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறுவோருக்கு நாடு தழுவிய எண் 1800 737 732. மனம் தளர்ந்து உயிர்வாழ விருப்பமற்றிருப்பவர், அல்லது அத்தகையவரின் அருகில் இருப்பவர், 13 11 14ஐ எந்நேரமும் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் முதலில் 131 450ஐ அழைத்து 'தமிழ்' என்று மட்டும் சொன்னால் போதும்; மொழிபெயர்ப்பாளர் இணைந்தபின் வேண்டிய எண்ணையோ உங்கள் கவுன்சிலையோ அவர்களே தொடர்புபடுத்துவார்கள்.